படம் எங்கே இருக்கிறது?

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம் ஒரு நாள் மாலை. ஆய்வுக்கூடத்தைப் பூட்டிக் கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். புதிதாகப் புகைப்படம் எடுக்கக் கற்றுக் கொண்டிருப்பவர். ஆடி மாதத்தில் தம் ஊர் அம்மன் கோயில் கொடைக்கு மாமாவின் காமிராவை இரவல் வாங்கிச் சென்று நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் கைப்பேசிக்கு மாற்றி, அங்கிருந்து உறவினர் குழுவுக்கு அனுப்பியும் விட்டார். காமிராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே அதிலிருந்த நினைவு அட்டையைத் துடைத்தாயிற்று. கைப்பேசியில் இடம் போதவில்லை, அங்கும் அழித்தாயிற்று. "அதுதான் எல்லார் கையிலும் இருக்கிறதே என்று நினைத்துவிட்டேன், சார்" என்றார்.

அந்தப் படங்களுள் ஒன்றில் அவருடைய ஆச்சி பொங்கல் பானைக்குப் பின்னால் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார். ஆச்சி காலமாகிப் பத்து நாள் ஆகியிருந்தது. 16ஆம் நாள் காரியத்துக்குள் அந்த முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும். குழுவிலிருந்து இறக்கிய படத்தைப் பார்த்த ஸ்டுடியோக்காரர், "இதைப் பெரிசு பண்ணினால் முகம் கட்டம் கட்டமாக உடையும், தம்பி. ஒரிஜினல் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். அதே கேள்வியை மாணவர் என்னிடம் கொண்டு வந்திருந்தார்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காமிரா எடுத்த படம் 6,000க்கு 4,000 புள்ளிகள் கொண்டது. அதாவது 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். குழுவின் வழியே வந்து சேர்ந்த படம் 1,600க்கு 1,067. ஏறத்தாழ 17 லட்சம். பதினான்கு புள்ளிகளில் பதின்மூன்று வழியிலேயே கழிந்துவிட்டன! கைப்பேசியின் சிறு திரையில் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஆச்சியின் முகத்தையும் தோளையும் மட்டும் வெட்டி எடுத்தால் அகலத்தில் எஞ்சுவது சுமார் 430 புள்ளிகள்தாம். 8 அங்குல அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு ஐம்பது சொச்சம். பார்வைக்கு நன்றாக இருக்க 200ஆவது வேண்டும். ஸ்டுடியோக்காரர் சொன்னது சரியே.

இதை அந்த மாணவரின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. படத்தைப் பிறருக்கு அனுப்பும் கலை வளர்ந்த வேகத்தில் அதைப் பத்திரப்படுத்தும் கலை வளரவில்லை. இது எப்படி நேர்ந்தது என்று அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நெகட்டிவ் இருந்த காலம்

1839ஆம் ஆண்டு பிரான்சில் டாகர் என்பவரின் புகைப்பட முறை உலகுக்கு வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டின் மேல் படம் பதியும். தகடுதான் படம். அதற்குப் படி எடுக்க வழியில்லை. 1841இல் இங்கிலாந்தில் டால்பட் காப்புரிமை பெற்ற முறை வேறு வகைப்பட்டது. முதலில் காகிதத்தில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் ஒரு நெகட்டிவ். அதிலிருந்து எத்தனை படி வேண்டுமானாலும் அச்சிடலாம். டாகரின் படத்தில் இருந்த கூர்மை டால்பட்டின் படத்தில் இல்லை. ஆயினும் நிலைத்தது டால்பட்டின் வழிதான்.

அன்று முதல் புகைப்படத்துக்கு மூலம், படி என்று இரண்டு பிறவிகள் அமைந்தன. படி தபாலில் ஊர் ஊராகப் போகும். நெகட்டிவ் வீட்டில் பிஸ்கட் டப்பாவிலோ ஸ்டுடியோ அலமாரியிலோ கிடக்கும். உதகமண்டலத்தில் தயாரான 'இந்து' பிலிம் சுருளில் படம் எடுத்த தலைமுறையினரைக் கேட்டுப் பாருங்கள். "நெகட்டிவைத் தொலைத்துவிடாதே" என்று வீட்டில் யாராவது எச்சரித்திருப்பார்கள். அனுப்புவது ஒன்று, வைத்துக் கொள்வது வேறொன்று என்பதை யாரும் பாடமாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. பொருளே கற்றுக் கொடுத்தது.

டிஜிட்டல் படத்தில் இந்த வேறுபாடு மறைந்து போகிறது. டிஜிட்டல் படம் என்பது எண்களின் வரிசை. அச்சுப் படத்தைப் பார்த்து மற்றோர் அச்சு எடுத்தால் ஒவ்வொரு தடவையும் தெளிவு குறையும். 137 என்ற எண்ணை ஆயிரம் பேர் பார்த்து எழுதினாலும் 137தான். படி எடுத்தால் மூலத்துக்கும் படிக்கும் இம்மியும் வித்தியாசம் இராது; எல்லாமே மூலம். இந்த நல்ல குணம்தான் நம்மை ஏமாற்றுகிறது. உள்ளபடியே படி எடுத்தால்தான் இது உண்மை. அனுப்பும்போது பெரும்பாலும் நடப்பது படி எடுத்தல் அன்று, சுருக்கி எழுதுதல்.

எண்களாகிய படங்கள்

படத்தை எண்களாக்கி அனுப்பும் வேலை கணிப்பொறிக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றால் வியப்பாக இருக்கும். 1920களின் தொடக்கத்தில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி வழியாகச் செய்தித்தாள் படங்களை அனுப்பினார்கள். இதற்குப் பார்ட்லேன் முறை என்று பெயர். கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்தே படிநிலைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. குறிகளைக் காகித நாடாவில் துளைகளாகப் போட்டுத் தந்தியில் விடுவது. கப்பலில் ஒரு வாரத்துக்கு மேல் எடுத்த பயணம் மூன்று மணிக்கும் குறைவாயிற்று. 1929இல் படிநிலைகள் 15 ஆயின. கவனியுங்கள்: முதல் நாளிலிருந்தே அவசரம் அனுப்புவதில்தான் இருந்தது.

கணிப்பொறிக்குள் புகைப்படம் நுழைந்தது 1957இல். அமெரிக்காவின் தேசிய அளவுத்தர நிறுவனத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ், மூன்று மாதமே ஆன தம் மகன் வால்டனின் படத்தைச் சுழலும் உருளையில் சுற்றி, ஒளியுணர் குழாயால் புள்ளி புள்ளியாக வருடச் செய்தார். 176க்கு 176 புள்ளிகள், மொத்தம் 30,976. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை, அவ்வளவே. உலகின் முதல் கணிப்பொறிப் படம் ஒரு தகப்பனார் எடுத்த குழந்தைப் படம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

1965 ஜூலையில் மாரினர் 4 விண்கலம் செவ்வாய்க் கோளைக் கடந்து சென்றபோது 21 படங்களும் 22ஆவதில் ஒரு பகுதியும் எடுத்தது. ஒரு படத்துக்கு 200க்கு 200 புள்ளிகள். புள்ளிக்கு 6 பிட்டுகள். ஆக 2,40,000 பிட்டுகள். கலம் பூமிக்குச் செய்தி அனுப்பிய வேகம் வினாடிக்கு 8⅓ பிட்டுகளே. வகுத்துப் பாருங்கள்: 28,800 வினாடி, அதாவது ஒரு படத்துக்கு 8 மணி நேரம்! காத்திருக்கப் பொறுமையில்லாத பொறியாளர்கள் எண்கள் அச்சான காகிதப் பட்டைகளைப் பலகையில் ஒட்டி, எண்ணுக்கு ஒரு வண்ணம் என்று கையாலேயே வண்ணக் கோல்களால் தீட்டிச் செவ்வாயை முதலில் பார்த்து விட்டார்கள். இதைவிட முக்கியமான செய்தி வேறொன்று. கலத்தில் ஒரு நாடாப் பதிவுக் கருவி இருந்தது. படங்கள் முதலில் நாடாவில் பதிந்தன, பிறகே அனுப்பப்பட்டன. ஒரு முறை அனுப்பி முடிந்ததும் நாடாவை அழித்து விடவில்லை. எங்கேனும் பிழை நேர்ந்திருக்கலாம் என்று மறுபடியும் எல்லாவற்றையும் அனுப்பினார்கள். கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்த அந்தக் கலத்தை நம் மாணவரிடம் சொன்னபோது, அவர் தலையைக் குனிந்து கொண்டார்.

2009ஆம் ஆண்டின் இயற்பியல் நோபெல் பரிசை இங்கே நினைவு கூரலாம். பரிசில் பாதி, ஒளியிழைகளில் ஒளி நெடுந்தூரம் செல்ல வழி காட்டிய சார்லஸ் காவோவுக்கு. மறு பாதி, 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சி.சி.டி. என்ற ஒளியுணர் சில்லைக் கண்டுபிடித்த வில்லார்ட் பாயிலுக்கும் ஜார்ஜ் ஸ்மித்துக்கும். சிலிக்கான் மேல் ஒளி பட்டால் எலெக்ட்ரான்கள் விடுபடும். அவற்றைப் புள்ளிக்கு ஒரு குழியில் சேர்த்து, தீப்பிடித்த வீட்டுக்கு வரிசையாக நின்று குடம் கைமாற்றுகிறோமே அதுபோல, குழியிலிருந்து குழிக்கு நகர்த்தி எண்ண வேண்டியதுதான். (இன்றைய கைப்பேசிகளில் இருப்பது சீமாஸ் என்ற வேறு வகைச் சில்லு, எலெக்ட்ரான் கதை மட்டும் அதேதான்.) படம் எடுப்பதற்குப் பாதிப் பரிசு, படத்தைக் கொண்டு செல்வதற்குப் பாதிப் பரிசு. படத்தைக் காப்பாற்றி வைப்பதற்கு?

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. 1975 டிசம்பரில் ராச்செஸ்டர் நகரிலுள்ள கோடக் நிறுவனத்தில், 25 வயதுப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் கையில் தூக்கும் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்து முடித்தார். எடை சுமார் 3.6 கிலோ. 100க்கு 100 புள்ளிகள். ஒரு படம் சாதாரண ஒலிநாடாக் கேசட்டில் பதிய 23 வினாடி. சாசன் தம் காமிராவை மேலதிகாரிகளுக்குக் காட்டியபோது அவர்கள் கேட்ட கேள்விகளைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். தன் படத்தைத் தொலைக்காட்சித் திரையில் யார் பார்க்க விரும்புவார்கள் என்று கேட்டார்களாம். இதைச் சொல்லிப் பலர் கோடக் நிறுவனத்தைக் கேலி செய்வதுண்டு. ஆனால் அவர்கள் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டார்கள்: இந்தப் படங்களை எப்படிச் சேமித்து வைப்பது? மின்னணு ஆல்பம் என்பது எப்படி இருக்கும்? இவை கேலிக்குரிய கேள்விகள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஐம்பது ஆண்டு கழிந்தும் நம் வீடுகளில் இவற்றுக்கு விடை இல்லை.

சுருக்கி எழுதும் கலை

அனுப்பும் வேலை எளிதானதற்குக் காரணமான ஒரு கணிதத்தை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் ஆச்சியின் படத்துக்கு நேர்ந்ததிலும் அதற்குப் பங்கு உண்டு.

20 லட்சம் புள்ளிகள் கொண்ட படம் ஒன்று என்று வைத்துக் கொள்வோம். புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகள். மொத்தம் 60 லட்சம் பைட்டு. 4 கோடியே 80 லட்சம் பிட்டு. 1990களின் இறுதியில் தொலைபேசிக் கம்பி வழியே வீட்டிலிருந்து அனுப்பக் கூடிய உயர்ந்த வேகம் வினாடிக்கு 33,600 பிட்டுகள். ஒரு படம் போய்ச் சேர 24 நிமிடம் ஆகும். பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் இரண்டரை நிமிடம் கூட ஆகாது.

இந்தச் சுருக்கத்துக்கு அடிப்படை தந்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1972இல் கொசைன் அலைகளைக் கொண்டு படங்களைச் சுருக்கும் ஆய்வுக்காக அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டார். கிடைக்கவில்லை. கருத்து மிகவும் எளிதாக இருக்கிறதே என்று மதிப்பீட்டாளர் ஒருவர் குறைப்பட்டதாக அவர் பின்னர் நினைவு கூர்ந்திருக்கிறார்! ஆயினும் விடவில்லை. தம் மாணவர் நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் ஆய்வுரையை வெளியிட்டார். 1992இல் நிலைபெற்ற ஜேபெக் தரத்தின் இதயம் அதுதான்.

வீணை நாதத்தை அடிப்படைச் சுருதியாகவும் மேற்சுருதிகளாகவும் பிரிக்கலாம் என்று ஒலியியலில் படித்திருப்பீர்கள். ஜேபெக் முறை ஒளிக்கு அதையே செய்கிறது. படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்தின் 64 எண்களையும் வேறு 64 எண்களாக மாற்றுகிறது. முதல் எண் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தவை மெல்ல மாறும் சாயல்கள். கடைசியில் உள்ளவை மயிரிழை போன்ற நுட்பங்கள். நம் கண் இந்த நுட்பங்களை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எனவே அவற்றைத் தாராளமாக முழுமைப்படுத்தினால் பல எண்கள் பூச்சியமாகிவிடும். பூச்சியங்களின் நீண்ட வரிசையை எழுத இடம் அதிகம் வேண்டாம். இப்படி எழுதப்படும் கட்டங்கள் படத்தின் மேல் வரிசையிலிருந்து தொடங்கி, இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகக் கீழே இறங்கும். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

விட்ட நுட்பம் விட்டதுதான். திரும்ப வராது. குழுக்களின் வழியே படம் போகும்போது முதலில் புள்ளிகளின் எண்ணிக்கை குறைக்கப்படுகிறது. பிறகு எஞ்சியதும் இன்னும் கடுமையாகச் சுருக்கப்படுகிறது. ஸ்டுடியோக்காரர் சொன்ன "கட்டம் கட்டமாக" என்பதில் இந்த 8க்கு 8 கட்டங்களும் அடக்கம்.

இலவச அலமாரிகள்

1997 ஜூன் 11. கலிபோர்னியாவில் பிலிப் கான் என்பவர் பிரசவ மருத்துவமனையில் காத்திருந்த நேரத்தில் ஒரு டிஜிட்டல் காமிராவையும் கைப்பேசியையும் மடிக்கணினியையும் கம்பிகளால் இணைத்து, பிறந்த மகளின் படத்தை 2,000 பேருக்கு மேல் உடனுக்குடன் அனுப்பினார். மறுபடியும் ஒரு தகப்பனார், மறுபடியும் ஒரு குழந்தை! கிர்ஷ் தம் மகனின் படத்தைக் கணிப்பொறிக்குள் வைத்ததற்கும் இதற்கும் இடையே சரியாக 40 ஆண்டுகள்.

அடுத்து இணைய ஆல்பங்கள் வந்தன. 1999இல் தொடங்கிய ஓபோட்டோ போன்றவை படங்களைச் சும்மா வைத்துக் கொள்ளும்; அச்சுப் படி கேட்டால் காசு வாங்கும். 2004இல் கனடாவின் வான்கூவர் நகரில் பிறந்த பிளிக்கர் வேறு தினுசு. அங்கே முன்பின் தெரியாதவர்களும் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்தார்கள். படத்தின் அடியில் லென்சின் துளை எவ்வளவு, ஷட்டர் வேகம் எவ்வளவு என்ற விவரமும் இருக்கும். காமிரா தானே படத்தோடு எழுதி வைக்கும் குறிப்பு அது. புதிதாகக் கற்பவனுக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடையாது. நானே ஓடும் நீரைப் பட்டுப்போல் எடுப்பது எப்படி என்று அப்படித்தான் கற்றேன். ஆனால் ஓர் எச்சரிக்கை: படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் அந்தக் குறிப்பில் இருக்கலாம். வீட்டுக் குழந்தைகளின் படத்தை ஊரறியப் போடும் முன் அதை நீக்கி விடுங்கள்.

இலவசமாகக் கிடைத்த அலமாரிகள் என்ன ஆயின? யாஹூவின் பட ஆல்பம் 2007இல் மூடப்பட்டது. ஓபோட்டோவை வாங்கி நடத்திய கோடக், 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. அதே ஆண்டு ஆல்பத்தை மூடி, படங்களை மற்றொரு நிறுவனத்துக்கு மாற்றியது. நம் நாட்டு இளைஞர்கள் குடியிருந்த ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. ஒரு காலத்தில் ஆளுக்கு ஒரு டெராபைட் இடம் தந்த பிளிக்கர், கை மாறிய பிறகு 2018இல், இலவசக் கணக்குக்கு 1,000 படங்களே என்று அறிவித்தது. 2015 முதல் கணக்கின்றி இடம் தந்த கூகிள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் 15 கிகாபைட்டுக்குள் புதுப் படங்களையும் அடக்கியது. மைஸ்பேஸ் தளமோ, பழைய படங்களும் பாடல்களும் இயந்திர மாற்றத்தின்போது அழிந்துபோயின என்று 2019இல் ஒப்புக் கொண்டது.

இவர்களை வஞ்சகர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலோர் முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்தார்கள். படம் அனுப்புவது ஒரு நொடி வேலை. வைத்திருப்பது அப்படி அன்று. ஆண்டுதோறும் மின்சாரம், தேய்ந்த வட்டுகளுக்குப் பதில் புது வட்டுகள், காவல் என்று முடிவில்லாத செலவு. நாம் கொடுக்காத அந்தச் செலவை எவரும் எந்நாளும் சுமப்பார் என்று எதிர்பார்க்க முடியாதல்லவா?

அப்படியானால் வீட்டிலேயே வைத்துக் கொள்ளலாமா? நினைவு அட்டையில் ஒவ்வொரு பிட்டும் மின்கடவாப் பொருளால் சூழப்பட்ட நுண் சிறையில் அடைபட்ட எலெக்ட்ரான்களே. ஆண்டுக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் அலமாரியில் போட்டு வைத்தால் அவை மெல்லக் கசியக் கூடும். சுழலும் வட்டு கீழே விழுந்தால் போயிற்று. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது தரைத்தளங்களில் இருந்த ஆல்பங்களும் கணிப்பொறிகளும் சேர்ந்தே நனைந்தன. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் சொன்ன கணக்கு எளிது: படத்துக்கு மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறு இடத்தில். அந்த வேறு இடமாக இணையக் கணக்கு மிகப் பொருத்தம். வெளியூர் அண்ணன் வீட்டு அலமாரியும் பொருத்தமே. குழுவுக்கு அனுப்பியதை மட்டும் இந்த மூன்றில் சேர்க்காதீர்கள். தானாகவே இணையத்தோடு ஒத்துப்போகும் ஆல்பத்தையும் தனிப் படியென்று நம்பிவிட வேண்டாம். அது ஆடியில் தெரியும் பிம்பம் போன்றது. கைப்பேசியில் அழித்தால் அங்கேயும் அழியலாம்.

மாணவரின் கதைக்கு வருகிறேன். கைப்பேசியில் அழித்ததை மீட்பது அரிது. ஆனால் காமிரா அட்டையைத் துடைக்கும்போது சாதாரணமாக அழிவது அட்டவணை மட்டுமே. நூலகத்தில் பட்டியலைக் கிழித்து எறிந்தாலும் புத்தகங்கள் அலமாரியிலேயே இருக்குமே, அதுபோல. புதுப் புத்தகம் வந்து அந்த இடத்தைப் பிடிக்கும் வரை பழையது அங்கேயே கிடக்கும். "அட்டையில் இனி ஒரு படம் கூட எடுக்க வேண்டாம் என்று மாமாவுக்கு உடனே சொல்லுங்கள்" என்றேன். மறுநாள் அட்டை வந்தது. மாமா இடையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய் நாற்பது ஐம்பது படங்கள் எடுத்திருந்தார்.

எங்கள் கணிப்பொறித் துறை நண்பர் மீட்பு நிரலை ஓடவிட்டார். கொடைப் படங்களில் பாதிக்குச் சற்று மேல் திரும்பி வந்தன. ஆச்சியின் படமும் வந்தது, பாதியாக. மேல் வரிசைகள் பளிச்சென்று இருந்தன. நடுவுக்குக் கீழே எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அந்த இடத்தில் நிச்சயதார்த்தப் படம் ஏதோ ஒன்று உட்கார்ந்துவிட்டது. நல்லவேளையாக ஜேபெக் மேலிருந்து எழுதுகிறது. முகம் மேல் பாதியில் இருந்தது.

ஸ்டுடியோக்காரர் முகத்தையும் தோளையும் 1,600க்கு 2,000 புள்ளிகளாக வெட்டி எடுத்தார். 8க்கு 10 அங்குல அச்சு. அங்குலத்துக்குச் சரியாக 200. 16ஆம் நாளுக்கு முந்தின இரவு சட்டம் போட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பொங்கல் பானை மட்டும் அதில் இல்லை.